ஹாஸ்டலில் ஒருவனுக்கு அரிப்பு வந்தால் அது 'அந்த' நோயா?

காரைக்குடிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அறைத் தோழனுக்கு இரண்டு மாதமாகத் தொடையிடுக்கில் அரிப்பு, வட்ட வட்டமாகத் தடிப்பு. 'அவனுக்கு அந்த நோய்', அதாவது பாலுறவால் பரவும் பால்வினை நோய், என்று பையன்கள் பேச ஆரம்பித்து, இப்போது அவனுக்குத் தட்டும் டம்ளரும் தனி. 'ஒரே ஊருணியில் குளித்தோம், ஒரே துண்டில் துவட்டினோம், எனக்கும் வருமா? ஆளைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?' இதுதான் கேள்வி. இரண்டு தரம் படித்தபோது அவர் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் தெரிந்தது: இதை யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் என்னை என்ன நினைப்பார்கள்? அதற்கும் சேர்த்தே சொல்கிறேன். நண்பனுக்காகக் கேட்டாலும் சரி, தனக்காகக் கேட்டாலும் சரி, பதில் ஒன்றுதான்.

சிவகங்கை மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில், எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் 14 ஆண்டு ஆலோசகராக இருந்தேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் இன்ன மாத்திரை போடு என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் படித்ததை வைத்து இன்ன நோய் என்று முடிவு கட்டவும் மாட்டேன். தோலை நேரில் பார்க்காமல் தோல் டாக்டரே அதைச் செய்ய மாட்டார். ஆனால் இந்தப் பயத்தோடு வந்து எதிரே உட்கார்ந்த பையன்களையும் பெண் பிள்ளைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த அரிப்பு. தொடையிடுக்கில் வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் ஆறினாற்போல இருந்தால் பெரும்பாலும் அது படர்தாமரை. பூஞ்சைக் காளான் வேலை. வெயில், வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ், சரியாகக் காயாத ஜட்டி, இதற்கு மேல் அதற்கு எதுவும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் நம் ஊர் அடிக்கும் அடிக்கு யாருக்கும் வரும். ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். நோட்டுத் தாளில் சுற்றி, பாதி பிதுக்கிய களிம்பு ட்யூப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். மெடிக்கல் கடையில் அரிப்பு என்று சொன்னதும் கொடுத்ததாம். போட்ட மறுநாளே அரிப்பு நின்றது, நிறுத்திய நாலாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பியது. இப்படியே ஐந்து ட்யூப். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், காளானுக்கோ நன்றாகத் தீனி போடும். தோல் மெலிந்து தொடையில் கோடு கோடாகத் தழும்பு விழுந்துவிட்டது. அந்தப் பையன் தனக்கு எய்ட்ஸ் என்று நினைத்து மூன்று மாதம் ராத்திரி தூங்கவில்லை. தோல் டாக்டர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, 'இதுக்கா அப்பு இப்படி வெளிறிப் போய் வந்திருக்க' என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடுதிப் பையன்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். துண்டிலும் ஜட்டியிலும் ஒட்டுவது படர்தாமரைதான். பால்வினை நோய் அப்படி ஒட்டுவதில்லை. ஆகவே துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தட்டைத் தனியாக வைக்காதீர்கள். சொறி சிரங்கும் இதே வகை, ஒரே பாயில் படுத்தாலே வரும். ராத்திரி அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கிலும் இருந்தால் அதைச் சந்தேகப்படலாம். இதில் ஒரு சிறு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன்: சிரங்கும் அந்தரங்க முடியில் வரும் பேனும் பாலுறவு மூலமும் பரவும், சும்மா படுக்கை மூலமும் பரவும். அது வந்திருக்கிறது என்பதை வைத்து ஒருவன் என்ன செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

ஊருணிக்கு வருவோம். ஊருணித் தண்ணீர், ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை, கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல், ஒரே இலையில் சாப்பிடுதல் இவற்றால் எச்ஐவி, சிபிலிஸ், கொனோரியா என்ற பால்வினை நோய்கள் எதுவும் வராது. இது உறுதி. இந்தக் கிருமிகள் உடம்புக்கு வெளியே சொகுசு இல்லாமல் பிழைக்கத் தெரியாதவை. ஈரம், சூடு, உள்தோல், ரத்தம் வேண்டும். காற்றுப்பட்டுக் காய்ந்தாலோ தண்ணீரில் கலந்தாலோ செத்துப்போகும். கொசுவாலும் எச்ஐவி பரவாது. கொசு கடிக்கும்போது உள்ளே செலுத்துவது தன் எச்சிலை, முன்னால் குடித்த ரத்தத்தை அல்ல. எச்சில் போகும் குழாய் வேறு, ரத்தம் ஏறும் குழாய் வேறு. எச்ஐவி கொசுவின் வயிற்றுக்குள் பெருகாமல் செரித்தும் போய்விடும். டெங்குக் கிருமி கொசுவுக்குள் பெருகி எச்சிலுக்கு வந்து சேரும், அதனால் அது பரவுகிறது. கொசுவால் எய்ட்ஸ் பரவுமென்றால் நம் வீட்டு ஆச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி ஈரத்துணியில் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அதனால் ஈரத்துண்டு வழியாகப் பரவவே பரவாது என்று நூற்றுக்கு நூறு சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் அது பரவும் வழி பாலுறவுதான். அதற்காக விடுதியே பயந்து கிடக்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துகிறார்களே, ஒருவருக்குக் குத்திய அலகை அடுத்தவருக்குத் துடைத்துக் குத்துவது உண்டே, சவரக் கடையில் பிளேடு மாற்றாமல் விடுவது உண்டே, அங்கெல்லாம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியாக ஒட்டலாம். ஹெபடைட்டிஸ் பி பாலுறவாலும் பரவும் நோய். காய்ந்த ரத்தத்திலேயே ஏழு நாள் வரை தாக்குப்பிடிக்கும். பால்குடம் எடுங்கள், வேண்டுதல் செலுத்துங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அலகு புதிதா, கொதிக்கவைத்துக் கிருமி நீக்கியதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிளேடு உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசி வந்தது, ஹெபடைட்டிஸ் பி அதில் ஒன்று. அதற்கு முன் பிறந்தவர்கள் அம்மாவிடம் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். போட்டிருக்காவிட்டால் இப்போதும் போட்டுக்கொள்ளலாம், மூன்று ஊசி.

ஆளைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. இந்த நம்பிக்கை அளவுக்கு ஆபத்தானது வேறெதுவும் இல்லை என்பது என் அனுபவம். கிளமிடியா என்ற பால்வினை நோய் வந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது, ஆண்களிலும் பலருக்கு அப்படியே. உள்ளுக்குள் இருந்து கருக்குழாயை அடைத்து, பத்து வருஷம் கழித்து 'ஏன் குழந்தை தங்கவில்லை' என்று அலையும்போதுதான் தெரியவரும். எச்ஐவி வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். சிபிலிஸ் எல்லாவற்றையும் விடத் தந்திரக்காரி. முதலில் ஒரே ஒரு புண் வரும். வலிக்காது. தொடையிடுக்கில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தே இல்லாமல் ஆறிவிடும். ஆறியதும் 'சரி, போச்சு' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அப்புறம் சில வாரத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பு வரும், அதுவும் போகும். அதன்பின் வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது, கடைசியில் மூளையையும் இதயத்தையும் பிடிக்கும். இவ்வளவு பெரிய நோய்க்கு ஆரம்பத்தில் வேண்டியது ஒரே ஒரு பென்சிலின் ஊசி.

இந்த சிபிலிசுக்கு நம் பழைய பெயர் பறங்கிப்புண். கப்பலில் வந்த பறங்கியர் கொண்டு வந்தது என்று நாம் சொன்னோம். இத்தாலிக்காரர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் அது அடுத்த ஊர்க்காரன் நோய்தான். இப்போதும் மாறவில்லை. லாரி ஓட்டுகிறவன், சிங்கப்பூர் போய் வந்தவன், வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவன் என்று கைகாட்ட ஆள் தேடுகிறோம். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் இந்த நான்கும் சேர்ந்து 2020-ல் மட்டும் உலகில் 37.4 கோடிப் புதுத் தொற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தனை பேரும் லாரி ஓட்டியவர்கள் இல்லை. கிருமிக்கு நல்ல குடும்பம், கெட்ட குடும்பம் தெரியாது.

அடுத்தது சூடு. நம் பக்கம் இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் 'உடம்புச் சூடு, ரெண்டு இளநீர் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி' என்பார்கள். நான் இதைக் கிண்டல் செய்ய மாட்டேன், ஏனென்றால் பாதி உண்மை. மே மாதம் மத்தியானம் கிரிக்கெட் ஆடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி நீர்க்கடுப்பு வரும். இளநீரோ மோரோ குடித்தால் சாயந்திரத்துக்குள் சரியாகும். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து அடக்கி வைப்பதால் வரும் சிறுநீர்த் தொற்று இன்னொரு வகை. அதற்கும் பாலுறவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நன்றாகத் தண்ணீர் குடித்தும் இரண்டு நாளுக்கு மேல் எரிச்சல் நீடித்தாலோ, சீழ் வந்தாலோ, காலையில் எழுந்ததும் ஜட்டியில் மஞ்சள் கறை இருந்தாலோ, விதை வலித்து வீங்கினாலோ, அது சூடு இல்லை. கொனோரியாவோ கிளமிடியாவோ இருக்கலாம். விதை திடீரென்று கடுமையாக வலித்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது தொற்றாக இல்லாமல் விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம், தாமதித்தால் விதையையே இழக்க நேரும். இளநீர் குடிப்பதில் தப்பில்லை. இளநீரை நம்பி மூன்று வாரம் உட்காருவதுதான் தப்பு.

பெண் பிள்ளைகளுக்கு இதே மாதிரி வெள்ளைப்படுதல். பெரியவளான பிறகு நிறமில்லாமலோ வெள்ளையாகவோ, நாற்றமும் அரிப்பும் இல்லாமல் படுவது இயல்பு, மாதத்தில் சில நாள் கூடும். தயிர்த்திரி மாதிரி கட்டியாக வந்து அரித்தால் பெரும்பாலும் அதுவும் காளான்தான். நாற்றம், பச்சை மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி இவை இருந்தால் காட்ட வேண்டும். காட்ட வருகிற பிள்ளையிடம் 'எங்கே போனாய்' என்று கேட்கிற அம்மாக்களை நான் வெளியே உட்கார வைத்திருக்கிறேன்.

அக்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசை கட்டினால் நம் ஊரில் வேளாரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். அது சின்னம்மைக் கிருமி பல வருஷம் நரம்பில் தூங்கிவிட்டு எழுவது, பால்வினை நோய் அல்ல. தானாகவே சில வாரத்தில் ஆறும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். பிறப்புறுப்பில் கொத்தாகச் சிறு கொப்புளம் வந்து உடைந்து எரிந்தால் அது ஹெர்பிஸ் என்ற வேறு கிருமி, சின்னம்மைக் கிருமியின் ஒன்றுவிட்ட தம்பி. அது உடம்பை விட்டு முழுதாகப் போகாது. ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம், பலருக்கு வருஷம் போகப்போக வருவதும் குறையும். உதட்டு ஓரத்தில் காய்ச்சலுக்குப் பின் வரும் கொப்புளமும் இந்த வகைதான். பெரும்பாலும் சின்ன வயதில் யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தில் வந்தது. அதை வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள்.

மருந்து விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'ஆண்மைக் குறைவு, மேகவெட்டை, ரகசிய நோய், லாட்ஜில் முகாம்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்துவிட்டு, பரீட்சைக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்த பையனைத் தெரியும். அவனுக்கு இருந்த 'நோய்' தூக்கத்தில் விந்து வெளியேறியது. அது நோயே இல்லை. அதனால் எலும்பு உருகாது, ஞாபகசக்தி குறையாது. சித்த மருத்துவத்தையே குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள், பால்வினை நோய் என்று தெரிந்தால் அவர்களே பக்கத்து வரிசைக்கு, அலோபதி டாக்டரிடம் அனுப்புவார்கள். நாட்டு மருந்துக் கடையில் இன்னும் கிடைக்கும் பறங்கிப்பட்டைக்கு அந்தப் பெயரே பறங்கிப்புண்ணுக்குக் கொடுத்ததால்தான் என்பார்கள். பென்சிலின் வந்த பிறகு அதை மட்டும் நம்பி சிபிலிசோடு விளையாடக் கூடாது.

இன்னொரு பக்கம், நண்பன் மீதி வைத்த ஆன்டிபயாட்டிக்கில் இரண்டு மாத்திரை போடுவது. கொனோரியாக் கிருமி சல்ஃபாவை ஜெயித்தது, பென்சிலினை ஜெயித்தது, டெட்ராசைக்ளினை ஜெயித்தது, சிப்ரோஃப்ளாக்சசினையும் ஜெயித்துவிட்டது. கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அரைகுறையாகப் போட்டு அதற்கும் பயிற்சி கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இதற்கென்று நிறம் பிரித்த மருந்துப் பெட்டிகள் இலவசம். சீழ் வந்தால் சாம்பல் நிறம், புண் வந்தால் வெள்ளை, ஹெர்பிசுக்குச் சிவப்பு, இப்படி. துணையாக இருந்தவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போன நோய் திரும்பி வந்து நிற்கும். ஒரு தடவை வந்து குணமானால் மறுபடி வராது என்பதும் பொய்; அம்மை மாதிரி இதற்கு எதிர்ப்புச் சக்தி நிற்பதில்லை.

ஆணுறை பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். எச்ஐவி, கொனோரியா, கிளமிடியா இவற்றை நன்றாகத் தடுக்கும். ஹெர்பிஸ், எச்பிவி, சிபிலிஸ் தோலோடு தோல் பட்டுப் பரவுவதால், உறை மூடாத இடத்தில் கிருமி இருந்தால் தொற்றிவிடலாம். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் பலவீனமாகும், பர்ஸில் மாதக்கணக்கில் வைத்தால் சூட்டில் கெடும், இரண்டாகப் போட்டால் உரசிக் கிழியும். கருத்தடை மாத்திரை கருவைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல. எச்பிவிக்குத் தடுப்பூசி இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கிருமியால் வருவது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் இரண்டு ஊசி போதும். ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். ஊசி போட்டால் பிள்ளை தப்பான வழிக்குப் போகும் என்று ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். டெட்டனஸ் ஊசி போட்டதால் யாரும் ஆணி தேடிப் போய் மிதிப்பதில்லை என்றேன். சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை.

எச்ஐவி என்றால் சாவு என்பது பழைய கதை. இந்தியாவில் முதன்முதலில் அது கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். அப்போது மருந்தில்லை. 2004 ஏப்ரலிலிருந்து கூட்டு மருந்து அரசிடம் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்தவரிடமிருந்து பாலுறவில் அது பரவுவதில்லை. ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மறுநாளே ரத்தம் பார்த்து 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள், சாதாரண விரைவுப் பரிசோதனையில் உறுதியாகத் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். அதேபோல சிபிலிசுக்கான விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ் காட்டினால் உடனே சிபிலிஸ் என்று இடிந்துபோக வேண்டாம். வேறு காய்ச்சலுக்குப் பின்னாலும் அப்படிக் காட்டும், உறுதிப்படுத்த இரண்டாவது பரிசோதனை உண்டு.

இப்போது கேட்காத அந்தக் கேள்வி. சட்டத்தை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை. 18 வயதுக்குக் கீழே பாலுறவு நடந்திருக்கிறது என்று தெரிந்தால், இருவரும் விரும்பியே நடந்திருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி மருத்துவமனை அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. எச்ஐவி பரிசோதனைக்கும் அந்த வயதில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கேட்பார்கள். இதற்குப் பயந்தே பல பிள்ளைகள் புண்ணை மறைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள், அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல். ஆனாலும் மறைத்ததால் யாருக்கும் புண் ஆறிப் பார்த்ததில்லை. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், அதில் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சந்தேகம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் எச்ஐவி உதவி எண் 1097, பெயர் சொல்ல வேண்டாம், காசு கிடையாது. மேலே சொன்ன போக்சோ விஷயம் தவிர, நம்பிக்கை மையத்தில் சொல்வதை வெளியே விடக்கூடாது என்று 2017 எச்ஐவி சட்டமே இருக்கிறது.

ஊர் சின்னது, ஓபி வரிசையில் அத்தை பார்த்துவிடுவாள் என்ற பயம் எனக்குப் புரியாததல்ல. கானாடுகாத்தானிலிருந்து வருகிறவர்கள் காரைக்குடியைத் தாண்டி சிவகங்கைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன், சிவகங்கைக்காரர்கள் மதுரைக்குப் போனதையும். போங்கள், தப்பில்லை. உங்கள் அறைத் தோழனுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். சீட்டுப் போடும் இடத்தில் 'தோல் டாக்டரைப் பார்க்கணும்' என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். இதுவரை தடவிய களிம்பு ட்யூபை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். டாக்டர் கொடுக்கும் மருந்தை அரிப்பு நின்ற அன்றைக்கே நிறுத்தாமல் சொன்ன நாள் வரை போடட்டும். ஜட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயப்போடச் சொல்லுங்கள். அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் வரை உங்கள் விடுதியில் படர்தாமரை ஒழியாது.